மேப்பிள் பாகில் கிருமி வளருமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக இருக்கும் சில வாரங்களில், மேப்பிள் மரங்களில் துளையிட்டுச் சாறு இறக்குவார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும்; சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். வெயில் ஏறினால் கிருமிகள் பெருகி, வாளியிலேயே கலங்கிப்போகும். அதனால் தாமதிக்காமல் காய்ச்சுகிறார்கள், நம்மூரில் பதநீரைக் காய்ச்சுவதுபோல. ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வற்றி ஒரு லிட்டர் பாகாகும்.

அந்தக் கொதியில் நோய் தரும் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். சூட்டைத் தாங்கும் வித்துகள் சில உண்டு. ஆனால் பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அது தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்வதால் அவற்றால் முளைத்துப் பெருக முடிவதில்லை.

பூஞ்சை அப்படியல்ல. சில வகைகளுக்கு இந்த வறட்சி ஒரு பொருட்டே இல்லை. திறந்த புட்டியை வெளியே வைத்தால், மூடியின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். மேல்மட்டப் பாகு நீர்த்துப்போகும். அங்கே மெல்லிய ஏடாகப் பூஞ்சை படரும். அதை வழித்தெறிந்துவிட்டு, பாகை மறுபடி கொதிக்கவைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில பூஞ்சைகள் விடும் நச்சு கொதித்தாலும் போகாது. விலை அதிகம்தான், இருந்தாலும் பூத்த பாகைக் கொட்டிவிடுங்கள். திறந்த புட்டி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஈரக் கரண்டி மட்டும் வேண்டாம்.