வர்ணனையாளர் நிர்வாகி ஆகலாமா?



ஞாயிற்றுக்கிழமை மாலை நேரம். தோட்டத்துத் திடலில் காற்பந்தாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். "அந்தப் பையனை முன்னால் விட்டிருக்கணும். பின்னால் நிறுத்தியதுதான் தப்பு. நான் அப்பவே சொன்னேன்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள். "அண்ணே, வர்ற வருசம் குழுவை நீங்களே எடுத்து நடத்துங்களேன்!" என்கிறார் ஒருவர். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஆட்டத்தை நன்றாகப் பார்த்து, நன்றாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர், குழுவை நன்றாக நடத்தவும் செய்வாரா?

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் இந்தக் கேள்வியைப் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. சில குழுக்கள் அதைச் செய்தும் பார்த்திருக்கின்றன. ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவரை அழைத்துப் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன. என்ன நடந்தது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

பேஸ்பால் நமக்கு அவ்வளவு பழக்கமான ஆட்டம் அல்ல. ஆனால் நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் சாப்ட்பால் ஆடுவதைப் பார்த்திருப்போம். அதற்கு அண்ணன் முறை என்று இதை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை வீச, மற்றவர் உருளைக் கட்டையால் அடித்துவிட்டு ஓட வேண்டும். அமெரிக்காவின் மேல்நிலை லீக்கில் 30 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழுவும் ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய ஆறு மாதம் நாள்தோறும் ஆட்டம்தான்.

இந்தக் குழுக்களில் இரண்டு பெரிய பொறுப்புகள் உண்டு. ஒருவரை 'மேனேஜர்' என்பார்கள். தோட்டத்துத் துரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் நாம் பயிற்றுநர் என்று சொல்பவரைப் போன்றவர். இன்றைக்கு யார் ஆடுவது, எப்போது பந்து வீச்சாளரை மாற்றுவது என்று திடலில் முடிவு செய்பவர். மற்றவர் 'ஜெனரல் மேனேஜர்', அதாவது பொது நிர்வாகி. அவர் திடலுக்கு வருவதே இல்லை என்றும் சொல்லலாம். எந்த ஆட்டக்காரரை வாங்குவது, யாரை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டு யாரைப் பெறுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம், பதினெட்டு வயதுப் பையன்களில் யாரைத் தேர்ந்தெடுத்துக் கீழ்நிலைக் குழுக்களில் வளர்ப்பது என்பதெல்லாம் அவர் வேலை. சமைப்பவர் பயிற்றுநர் என்றால், அரிசி பருப்பு வாங்கிப் போடுபவர் பொது நிர்வாகி.

இனி வர்ணனையாளருக்கு வருவோம். வானொலியில் பேஸ்பால் ஆட்டம் முதன்முதலாக ஒலிபரப்பானது 1921 ஆகஸ்டு 5ஆம் தேதி. பிட்ஸ்பர்க் நகரில் ஹெரால்ட் ஆர்லின் என்பவர் வர்ணனை சொன்னார். அன்றிலிருந்து எத்தனையோ பேர் இந்தக் கலையை வளர்த்தார்கள். அவர்களில் தலைசிறந்தவராகப் பலரும் போற்றுவது வின் ஸ்கல்லியை. 1950 முதல் 2016 வரை, 67 பருவங்கள், டாட்ஜர்ஸ் என்ற ஒரே குழுவுக்கு வர்ணனை சொன்னார். அந்தக் குழு 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, ரசிகர்கள் சிறிய டிரான்சிஸ்டர் வானொலிகளைத் திடலுக்கே எடுத்துச் சென்றார்கள். கண்முன்னே ஆட்டம் நடக்கும். காதில் ஸ்கல்லியின் குரல் ஒலிக்கும். அவர் சொன்னால்தான் ஆட்டம் புரிகிறது என்று மக்கள் நினைத்தார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஆட்டம் தெரியாதா? நிச்சயம் தெரியும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கண் இமைக்காமல் பார்ப்பவர். தம் குழுவை மட்டுமல்லாமல், எதிர்க்குழுக்களின் ஆட்டக்காரர்களையும் அறிந்தவர். ஆகையால், "பேச்சுக்காரர்தானே, இவருக்கு என்ன தெரியும்?" என்று தள்ளிவிடுவது தவறு.

ஆனால் வர்ணனைக் கலைக்கு இன்னொரு முகமும் உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரோனல்ட் ரீகன் 1930களில் ஐயோவா மாநிலத்து வானொலி நிலையம் ஒன்றில் விளையாட்டு வர்ணனையாளராக இருந்தார். சிகாகோவில் நடக்கும் ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. தந்தி வழியாக வரும் சிறு குறிப்புகளை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோல் வர்ணித்தார். ஒரு நாள் நடுவில் தந்தி அறுந்துவிட்டது. ரீகன் என்ன செய்தார்? மட்டைக்காரர் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்தார், மறுபடியும் வெளியே அடித்தார் என்று தந்தி திரும்பி வரும்வரை சில நிமிடங்கள் கற்பனையாகச் சொல்லிக்கொண்டே போனாராம். தந்தி வந்ததும் பார்த்தால், அந்த மட்டைக்காரர் முதல் பந்திலேயே ஆட்டமிழந்திருந்தார்! இது ரீகனே பலமுறை சொல்லிச் சிரித்த கதை.

நாமும் சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வர்ணனையாளருக்கு இடைவெளி வந்தால் சொற்களால் நிரப்பலாம். பொது நிர்வாகிக்கு அப்படி முடியாது. நல்ல பந்து வீச்சாளர் இல்லாத குழுவில் அந்தக் குறையைப் பேச்சு நிரப்பாது.

சரி, வர்ணனை சொன்னவர்கள் குழுவை நடத்திய கதைகளைப் பார்ப்போமா? முதலில் திடலில் இறங்கியவர்கள்.

1960ஆம் ஆண்டு சிகாகோ கப்ஸ் குழு தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. குழு உரிமையாளர் ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தார். பயிற்றுநர் சார்லி கிரிம்மை வர்ணனைக்கு அனுப்பினார். வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த லூ பூட்ரோவைப் பயிற்றுநராக்கினார். பூட்ரோ சாதாரண ஆள் அல்லர். 1948இல் கிளீவ்லண்ட் குழுவை வெற்றிக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றவர். அப்படியிருந்தும் கப்ஸ் அந்த ஆண்டில் 60 ஆட்டங்களில் வென்று, 94 ஆட்டங்களில் தோற்றது. மறு ஆண்டே பூட்ரோ வர்ணனைக்குத் திரும்பிவிட்டார்.

1980இல் சான் டியாகோ குழு தன் வர்ணனையாளர் ஜெரி கோல்மனைப் பயிற்றுநராக்கியது. குழு தன் பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது. அவரும் வர்ணனைக்கே திரும்பினார். அங்கே மக்கள் மனத்தில் நீங்கா இடம் பெற்றார்.

அப்படியானால் முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? பொறுங்கள். ஹூஸ்டன் நகரத்து லாரி டியர்க்கர் முன்னாள் பந்து வீச்சாளர். 1979 முதல் 1996 வரை வர்ணனையாளர். பயிற்றுநராக ஒருநாள்கூட இருந்ததில்லை. 1997இல் அவரிடம் குழுவைக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை குழு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது! அரிசோனாவில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த பாப் பிரென்லி, 2001இல் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே வெற்றிக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அதே பிரென்லியின் குழு 2004இல் 111 ஆட்டங்களில் தோற்றது. அந்த ஆண்டின் நடுவிலேயே அவரை நீக்கிவிட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் அவருக்கு ஆட்டம் மறந்துபோயிற்றா? இல்லை. 2001இல் தலைசிறந்த பந்து வீச்சாளர்கள் இருவர் அவர் கையில் இருந்தார்கள். 2004இல் அதே பலம் குழுவில் இல்லை. சமைப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் பானையில் போட அரிசி வேண்டும் அல்லவா?

ஆகவேதான், அந்த அரிசியைத் தேடித் தரும் பொது நிர்வாகியின் வேலைக்கு வர்ணனையாளர் பொருந்துவாரா என்பது இன்னும் கடினமான கேள்வி. அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மைக் பிளானகன் என்பவர் பால்டிமோர் குழுவின் புகழ்பெற்ற பந்து வீச்சாளர். 1979இல் தம் லீக்கின் சிறந்த பந்து வீச்சாளர் விருதைப் பெற்றவர். ஓய்வு பெற்றபின் அதே குழுவுக்கு வர்ணனை சொன்னார். 2002 டிசம்பரில், முன்பே பொது நிர்வாகியாக அனுபவம் பெற்றிருந்த ஜிம் பீட்டியோடு சேர்த்து, ஆட்டக்காரர் விவகாரங்கள் அனைத்தையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். 2008வரை அவர் நிர்வாகத்தில் இருந்தார். அந்த ஆண்டுகளில் ஒன்றில்கூடப் பால்டிமோர் தோல்வியைவிட அதிக வெற்றி காணவில்லை. பிளானகன் பிறகு வர்ணனைக்கே திரும்பினார்.

அவர் தோற்றுப்போனார் என்று சொல்லிவிடலாமா? நேயர்களே, பால்மரம் நட்டவர்கள் நாம். நட்ட அன்றைக்கே பால் வருமா? வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். செம்பனைகூடக் குலை தள்ள ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கேட்கும். பொது நிர்வாகியின் வேலையும் அப்படித்தான். பிளானகன் இருந்த காலத்தில் பால்டிமோர் தேர்ந்தெடுத்த இளைஞர்களில் நிக் மார்க்கேகிஸ் 2003இல் வந்தவர். மேட் வீட்டர்ஸ் 2007இல் வந்தவர். 2012இல் பால்டிமோர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தலைநிமிர்ந்தபோது இருவரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். நட்டவர் ஒருவர்; வெட்டியவர் வேறொருவர். ஆனாலும் அவருக்கு முன்னும் பின்னும் பலர் நிர்வாகம் செய்த குழு அது. புகழையோ பழியையோ ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் ஆகாது.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். பில் ஜேம்ஸ் என்பவர் வர்ணனையாளரும் அல்லர், ஆட்டக்காரரும் அல்லர். கான்சாஸ் மாநிலத்தில், டின்களில் உணவு அடைக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர். காவல் நேரத்தில் ஆட்டக் கணக்குகளை ஆராய்ந்து, 1977இல் சொந்தமாகவே ஒரு சிறு நூலை வெளியிட்டார். எல்லாரும் பெரிதாக நினைக்கும் சில கணக்குகள் வெற்றிக்கு அவ்வளவாக உதவுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். கால் நூற்றாண்டு கழித்துப் பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு அவரை ஆலோசகராக அமர்த்தியது. 1918க்குப் பிறகு கிண்ணத்தையே காணாத அக்குழு 2004இல் வென்றது. கவனியுங்கள்: அவருக்குக் கொடுத்தது ஆலோசகர் நாற்காலி. முடிவெடுக்கும் நாற்காலியில் தியோ எப்ஸ்டைன் என்ற இளம் பொது நிர்வாகி இருந்தார். காவலாளியின் கூர்மையும் வீண்போகவில்லை. பொறுப்பும் இடம் மாறவில்லை.

இப்போது நம் கேள்விக்கு விடை சொல்லலாம். வர்ணனையாளர் நிர்வாகி ஆகலாம். ஆனால் வர்ணனை நன்றாக இருந்தது என்பதற்காக மட்டும் ஆகக்கூடாது. பந்து விழுந்தபின் பேசுவது வர்ணனை. பந்து வீசப்படுமுன் முடிவு செய்வது நிர்வாகம். வர்ணனையாளர் சொன்னது தவறானால் அடுத்த நிமிடம் எல்லாரும் மறந்துவிடுவார்கள். நிர்வாகி செய்தது தவறானால் சில ஆட்டக்காரர்களின் பிழைப்பே போகும்; குழு பல ஆண்டுகள் அதைச் சுமக்கும். அந்தச் சுமையைத் தாங்கும் மனம், வேண்டியவரானாலும் "உமக்கு இடமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு, தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும் பணிவு, இவை இருந்தால் அவர் எங்கிருந்து வந்தாலும் தகும்.

இது பேஸ்பாலோடு முடிகிற விஷயமா? நம் கோயில் கமிட்டிக்கும், இளைஞர் மன்றத்துக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும் நாம்தான் ஆள் தேர்ந்தெடுக்கிறோம். கூட்டத்தில் நன்றாகப் பேசியவருக்குக் கை தூக்கிவிட்டு, பிறகு கணக்கு எங்கே என்று தேடிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பேசத் தெரியாத, ஆனால் பொறுப்பாகச் செய்யக்கூடிய ஒருவர் பின் வரிசையில் வாய்மூடி உட்கார்ந்திருந்ததை நாம் கவனிக்காமலும் இருந்திருப்போம்.

அடுத்த முறை கை தூக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். இவர் இதற்கு முன் ஏதாவது ஒரு சிறு பொறுப்பை ஏற்று முடித்துக் காட்டியிருக்கிறாரா? தவறு நேர்ந்தபோது, "அது என்னால் வந்தது" என்று சொல்லியிருக்கிறாரா? தம்மைவிட விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், அவர் நன்றாகப் பேசுபவராக இருந்தாலும் குற்றமில்லை!

திடலோரத்தில் பேசிக்கொண்டிருந்த அந்த அண்ணனை மறந்துவிடவில்லை. அவரை நாம் கேலி செய்ய வேண்டாம். அவருடைய கண் நமக்குத் தேவை. முதலில் பத்து வயதுப் பிள்ளைகளின் குழுவை அவரிடம் கொடுத்துப் பார்ப்போம். ஓராண்டு கழித்து, தோற்ற ஆட்டங்களைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்போம். "நான் அப்பவே சொன்னேன்" என்கிறாரா, "நான் செய்தது தப்பு" என்கிறாரா என்பதில் நமக்கு விடை கிடைத்துவிடும்.