பிள்ளைகளின் உணவுப் பெட்டியும் நம் வீட்டு அடுப்பும்

(தாய்மார்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிவிட்டு வரும் பிள்ளையின் பையை வாங்கியதும் நாம் முதலில் செய்வது என்ன? உணவுப் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதுதான். கனமாக இருந்தால் நம் மனமும் கனத்துவிடுகிறது. "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டால், "ஆறிப்போய்விட்டது", "மணி அடித்துவிட்டது", "எல்லோரும் பிஸ்கட் கொண்டு வந்தார்கள்" என மூன்று பதில்களில் ஒன்று வரும். மறுநாள் நாமும் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்து அனுப்பிவிடுகிறோம். பெட்டி காலியாக வருகிறது. நாமும் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதி சரியானதா என்பதைச் சிந்திக்கவே இவ்வுரை.

உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. நாளொன்றுக்கு 1,500 கலோரி உண்ணும் பிள்ளைக்கு இது ஏறக்குறைய 37 கிராம், அதாவது ஒன்பது தேக்கரண்டி. காலையில் பாலில் கலந்தது, மாலையில் தேநீரில் கலந்தது, கடையில் வாங்கிய மிட்டாய் அனைத்தும் இக்கணக்கில் அடங்கும். வெல்லமும் தேனும் இதற்கு விலக்கல்ல.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ஆம் ஆண்டு வகுத்த ஒழுங்குமுறை, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். எனினும் சட்டத்தின் எல்லை அத்தோடு முடிந்துவிடுகிறது. பெட்டிக்குள் வைப்பது நம் கை அல்லவா?

"கேக்கும் ரொட்டியும் செய்ய நம்மிடம் ஓவன் இல்லையே" என்று சிலர் எண்ணலாம். நம் பாட்டிமார்களிடம் எந்த ஓவன் இருந்தது? காயல்பட்டினத்துத் தம்மடையை எண்ணிப் பாருங்கள். ரவையும் முட்டையும் சீனியும் நெய்யும் கலந்து, சட்டியின் கீழும் மூடியின் மேலும் தணல் இட்டு, இருபுறமும் ஒரே சூட்டில் வேக வைத்தார்கள். ஓவன் செய்வதும் அதே வேலைதான். இன்று அடிகனமான பழைய பாத்திரம் ஒன்றில் இரண்டு கோப்பை உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கினால் போதும். பிறகு மாவு ஊற்றிய தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் விட வேண்டும். பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

முதலில் வாழைப்பழக் கோதுமைக் கேக். நன்கு கனிந்த இரண்டு பழங்களை மசித்து, அரைக் கோப்பை வெல்லத்தூள், கால் கோப்பை எண்ணெய், கால் கோப்பை தயிர், ஒரு முட்டை ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கவும். ஒன்றரைக் கோப்பை கோதுமை மாவுடன் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சலித்து, இக்கலவையில் இடவும். மாவு நனைந்ததும் கிளறுவதை நிறுத்திவிட வேண்டும். மேலும் மேலும் அடித்தால் கேக் இறுகிவிடும். தயிரின் புளிப்போடு சோடா சேரும்போது எழும் வாயுவே கேக்கை உப்பச் செய்கிறது. சோடாவைக் கூட்டினால் அதிகம் உப்பாது; கசப்புத்தான் மிஞ்சும். ஓவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வேகும்; பாத்திரத்தில் சற்றுக் கூடுதலாகும். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. பன்னிரண்டு துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் சுமார் எட்டு கிராம் வெல்லமே இருக்கும்.

இரண்டாவது, கேழ்வரகு ஓமப் பிஸ்கட். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உள்ளது. ஆனால் கோதுமையில் உள்ள பசைத்தன்மை அதில் இல்லாததால் தனியே செய்தால் உதிரும். எனவே கேழ்வரகு மாவு ஒரு கோப்பை, கோதுமை மாவு ஒரு கோப்பை, வெண்ணெய் 100 கிராம், ஓமம் ஒரு தேக்கரண்டி, அளவாக உப்பு ஆகியவற்றைப் பிசறி, சிறிது தயிர் தெளித்துப் பிசைந்து, தேய்த்து வெட்டி, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். இனிப்பே இல்லாத இப்பிஸ்கட்டைப் பிள்ளைகள் தின்பார்களா என்ற ஐயம் நமக்கும் இருந்தது. மாவை வெட்டும் வேலையை அவர்களிடமே கொடுத்தோம். தான் வெட்டிய நட்சத்திரத்தை எந்தப் பிள்ளை தின்னாமல் திருப்பிக் கொண்டு வரும்?

சில எச்சரிக்கைகளும் வேண்டும். வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. மைதாவும் சீனியும் வனஸ்பதியும் கொட்டிச் செய்தால் கடைப் பண்டத்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. கேக்கை முழுதும் ஆறிய பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். ஆவி அடைபட்டால் நனைந்து கெட்டுவிடும். கறியோ முட்டையோ உள்ளே வைத்த ரொட்டியை அன்று காலையில் சுட்டு அன்று நண்பகலுக்குள் உண்ணச் செய்ய வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு முழு முந்திரியையும் நிலக்கடலையையும் தவிர்த்தல் நலம், தொண்டையில் அடைக்கும்.

நம் இல்லத்தில் முதன்முதலாகச் செய்த கேக் நடுவில் குழிந்து போயிற்று. பொறுமையின்றி மூன்று முறை மூடியைத் திறந்து பார்த்ததே காரணம். மனமில்லாமல் அதையே துண்டு போட்டு அனுப்பினோம். மாலையில் காலிப் பெட்டி வந்தது. மகிழ்ந்து கேட்டபோது, "எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது, பக்கத்தில் இருப்பவள் ஒன்றும் கொண்டு வரவில்லை, அவளுக்குக் கொடுத்தேன்" என்றாள் மகள். அன்று நமக்கு ஒன்று புரிந்தது. உணவுப் பெட்டி ஒரு வகுப்பறையின் நடுவே திறக்கப்படுகிறது. கிரீமும் வண்ணமும் பூசி நாம் அனுப்பும் ஒரு துண்டு, அருகில் வெறும் சோற்றோடு அமர்ந்திருக்கும் பிள்ளையின் தலையைக் குனியச் செய்யலாம். அந்தப் பிள்ளையின் தாய் மாலையில் பதில் சொல்ல முடியாமல் தவிக்கலாம். அதே அடுப்பில் எளிதாகச் செய்த பண்டம், இரு துண்டு கூடுதலாக இருந்தால், இரண்டு பிள்ளைகளின் பசியைத் தீர்க்கும்.

எனவே தாய்மார்களே! தினமும் செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தந்தைமார்களும் அந்த ஒரு மணி நேரம் அடுப்படிக்கு வரட்டும். பிள்ளைகளும் உடன் நிற்கட்டும். சீனியைக் குறையுங்கள், துண்டைச் சிறிதாக்குங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நம் வீட்டு அடுப்பின் சூடு நம் பிள்ளைக்கும் அடுத்த இருக்கைப் பிள்ளைக்கும் சேர்ந்தே கிடைக்கட்டும்.