கையெழுத்து நம்முடையது, பேச்சும் நம்முடையதாகட்டும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்ச குடும்பப் பெண். மேடையில் பேசிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பெண்களும் தலைமையும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். பெரிய தலைவிகளைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. எங்க ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்க தெருவுக்கு டேங்க் தண்ணி பகல் பதினொரு மணிக்குத் திறப்பாங்க. அந்த நேரத்தில் நாங்க நூறு நாள் வேலையில் இருப்போம். வீட்டில் வயசானவங்க இருந்தா ரெண்டு குடம் பிடிச்சு வைப்பாங்க. இல்லாத வீட்டுக்காரங்க சாயந்திரம் வந்து அடிபம்புக்கு நடக்கணும். ரெண்டு வருஷமா இதே கதை. குழாயடியில் சண்டை போடுவோம், தெருவில் புலம்புவோம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதே இல்லை.

ஒரு ஜனவரி 26 கிராம சபையில் நான் எழுந்து கேட்டுட்டேன். எங்க வார்டு உறுப்பினர் ஒரு அக்கா. அவங்க ஓரமா உட்கார்ந்திருக்க, பதில் சொன்னது அவங்க வீட்டுக்காரர். "அதெல்லாம் பாத்துக்கலாம், நீ உட்காரும்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அண்ணே, நான் உறுப்பினரைத்தான் கேட்டேன். அக்கா சொல்லட்டும்" என்றேன். கூட்டமே சிரிச்சிடுச்சு. குனிஞ்ச தலையை அக்கா நிமிர்த்தவே இல்லை.

நான் என்னமோ சாதிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தேன். ராத்திரி அந்த அக்கா எங்க திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாங்க.

"ஏன்டி, நீ என்னைத்தானே தலைகுனிய வெச்ச? அவரை ஒண்ணும் பண்ணலையே. அந்த நோட்டில் என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. நீட்டுறாங்க, கையெழுத்துப் போடுறேன். நீ மட்டும் என்ன? உன் பேர்ல வாங்கின குழுக் கடனை எதுக்குச் செலவு பண்ணலாம்னு உன்னை யாராவது கேட்டாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா சொன்னது உண்மை. கறவை மாடு வாங்கப் போறேன்னு தீர்மான நோட்டில் எழுதி வாங்கின முப்பதாயிரம், எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு முன்பணமாப் போயிடுச்சு. தவணை கட்டினது என் நூறு நாள் கூலி. பாஸ்புக் எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. ஊர்ச் சபையில் உறுப்பினரைக் கேள்வி கேட்ட நான், என் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கலை.

சகோதரிகளே, நமக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1992-ல் வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2016-ல் அதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்த குழுக்கள் இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன. நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிட்டது. பேச்சு பழகினால்தான் வரும். அந்த அக்காவுக்குப் பழக இடம் கொடுத்தவர் யாரும் இல்லை. நானும் அவங்களுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, எதிரில்தான் நின்றேன்.

அக்காவும் எங்க குழுதான். அதுவரை சந்தா கட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். தீர்மான நோட்டை வாரம் ஒருத்தர் சத்தமா வாசிக்கணும். வாசிச்ச பிறகுதான் எல்லோரும் கையெழுத்து. முதல் வாரம் அக்கா எழுத்துக் கூட்டி, பாதியில் நிறுத்திட்டாங்க. யாரும் சிரிக்கலை. அடுத்த முறை முழுசா வாசிச்சாங்க. ஏப்ரல் கடைசியில் தண்ணி விஷயத்தை மூணு வரியில் ஒரு தாளில் எழுதிக்கிட்டாங்க.

மே 1 கிராம சபைக்கு நாங்க பன்னிரண்டு பேரும் சேர்ந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். வார்டு பேரைக் கூப்பிட்டதும் அண்ணன் எழுந்தார். அக்கா அதுக்கு முன்னாடியே எழுந்துட்டாங்க. கையில் தாள் நடுங்கிச்சு. ஆனா மூணு வரியும் சொல்லி முடிச்சாங்க. "காலை ஆறு மணிக்குத் தண்ணி திறக்கணும். வேலைக்குப் போறவங்க நாங்க" என்றார்கள். தீர்மான நோட்டை நீட்டினப்போ, "எழுதினதை வாசிங்க, கேட்டுட்டுப் போடுறேன்" என்றார்கள். வாசிச்சாங்க. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாங்க.

இப்போ காலையில் தண்ணி வருது. மோட்டார் பழுதானா தாமதம் ஆகும். அப்போ எங்க அக்காதான் போன் பண்ணிக் கேட்கிறாங்க.

நானும் வீட்டில் பாஸ்புக்கைக் கேட்டேன். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "நம்பிக்கை இருக்கு. கடன் என் பேர்ல இருக்கு, கணக்கும் என் கையில இருக்கட்டும்" என்றேன். ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் எடுத்துக் கொடுத்தார். இப்போ குழுக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு அவர்தான் சோறு வடிக்கிறார். கொஞ்சம் குழைஞ்சுதான் இருக்கும். பிள்ளைங்க சாப்பிட்டுக்குறாங்க.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தலைவி, செயலாளர் பொறுப்பை ஒருவரிடமே விட்டுவிடாமல் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பேசத் தெரியாதவரை முதலில் பேசச் சொல்லுங்கள். கிராம சபைக்குத் தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளை வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஒரு பெண் பேசத் தடுமாறும்போது சிரிக்காமல் பக்கத்தில் நின்றாலே போதும், அடுத்த முறை அவர் நமக்காகப் பேசுவார். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க வார்டு அக்கா. அவர்களுக்கு இந்த மேடையில் நன்றி சொல்லி முடிக்கிறேன்.