இரவுக் கச்சேரியும் நடுக்கம் தணிக்கும் லென்ஸும்



கம்பம் பள்ளத்தாக்கில் திருவிழாக்களுக்குப் பஞ்சமில்லை. சித்திரையில் முல்லையாற்றங்கரையிலே வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு விழா நடைபெறுங்கால் இரவிலும் மேளமும் பாட்டும் ஒலிக்கும். பண்ணைப்புரம் ஈன்ற இளையராஜாவை உலகறியும். ஆனால் இம்மண்ணில் நையாண்டி மேளம் வாசித்து மறைந்தோர் பலரின் முகங்கூட நமக்குத் தெரியாது. இன்று உங்களில் பலரிடம் காமிரா இருக்கிறது. எனினும் இரவில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் மங்கலாகவே அமைகின்றன. இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

ஒளி குறைந்தால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அந்நேரத்தில் நம் கை அசைந்தால் படம் கலைந்துவிடும். பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: 35 மில்லிமீட்டர் காமிராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்திக் கையில் பிடித்தால், 1/200 வினாடிக்கு மேல் ஷட்டர் திறந்திருத்தல் ஆகாது.

இத்தொல்லையைக் குறைக்கவே நடுக்கம் தணிக்கும் லென்ஸ் தோன்றியது. கேனன் நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் இவ்வகையான 75–300 மில்லிமீட்டர் லென்ஸை வெளியிட்டது. கை எத்திசையில், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை அதனுள் உள்ள உணர்விகள் அறிகின்றன. உடனே மின்காந்த விசையால் உள்ளிருக்கும் வில்லைத் தொகுதி ஒன்று எதிராக நகர்ந்து பிம்பத்தை நிலைநிறுத்துகிறது. வரப்பின்மீது நிறைகுடம் சுமந்து செல்லும் பெண், கால் தடுமாறினாலும் இடையை வளைத்து நீர் தளும்பாமல் காப்பது போன்றது இது. இவ்வுதவி மூன்று படி என்றால், ஷட்டர் நேரம் எட்டு மடங்காகலாம். அதாவது 1/200 வினாடி 1/25 வினாடியாகும்.

ஆனால் அந்த 1/25 வினாடியில் தவில்காரரின் கை சும்மா இருக்குமா? லென்ஸ் நம் கையசைவைத்தான் தணிக்கும். அவர் கையசைவைத் தணிக்காது. தூண் தெளிவாக விழும், தவிலடிக்கும் கோலோ புகைபோல் கலையும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தவில் வாசிப்பைப் படமெடுக்க இத்தகைய லென்ஸ் வேண்டுமென்று தந்தையைக் கடன் வாங்கச் சொல்ல எண்ணினார். ஏலத்தோட்டக் கூலியில் வாழும் குடும்பம் அது. நான் அவருக்குக் கணக்கைக் காட்டினேன். துளை எண் 5.6 உள்ள லென்ஸைவிட 1.8 உள்ள லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 50 மில்லிமீட்டரில் அத்தகைய எளிய லென்ஸ் குறைந்த விலைக்கே கிடைக்கும். நண்பரிடம் அதை இரவல் பெற்று, மேடையருகே நின்று, 1/250 வினாடியில் எடுத்தார். கோல் தெளிவாக விழுந்தது.

அப்படியாயின் நடுக்கம் தணிக்கும் லென்ஸ் வீணா? இல்லை. ஆலாபனையில் கண்மூடி அமர்ந்திருக்கும் பாடகர், தம்பூரா மீட்டுபவர், அமைதியாகக் கேட்கும் கூட்டம் ஆகியோரைத் தொலைவிலிருந்து எடுக்க அது பேருதவி புரியும். நெரிசலில் முக்காலி வைக்க இயலாதபோது அதன் அருமை விளங்கும். ஆதலால், அசைவது நம் கையா, கலைஞரின் கையா என்று முதலில் நோக்குங்கள். அதன்பின் லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

கலைஞரின் இசைவு பெற்று, அவர் கண்ணில் ஃபிளாஷ் பாய்ச்சாமல் படமெடுங்கள். படத்தோடு அவர் பெயரையும் ஊரையும் நாளையும் தவறாது எழுதி வையுங்கள்.