வராததையும் எண்ணுவதே கணக்கு



"தொழிலை உயர்த்துவது தரவுக் கணக்கா, அனுபவக் கைராசியா?" இதுதான் காரைக்குடியில் நடக்கும் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கைராசியைத் தூக்கித் தலைமேல் வைத்து ஆடினார். நான் ஒன்று கவனித்தேன். பேச எழுந்ததும் நடுவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, எனக்கு எத்தனை நிமிஷம்?" பேச்சுக்கு நடுவே நாலு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏண்ணே, பதினைந்து நிமிஷப் பேச்சுக்கே அளவு கேட்டுக்கொள்கிற நீங்கள், பதினைந்து லட்சம் முதல் போடுகிறவனைப் பார்த்து "அளக்காதே, மனசு சொல்வதைக் கேள்" என்கிறீர்களே, இது அடுக்குமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன ஊரில் நின்றுகொண்டா இப்படிச் சொல்வது?

பெரிய கம்பெனிக் கதைக்கெல்லாம் பிறகு வருகிறேன். முதலில் ஒரு டிபன் கடைக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன்.

என் அத்தையும் மாமாவும் பேருந்து நிலையத்துக்கு எதிரே ராத்திரி டிபன் கடை வைத்திருந்தார்கள். ஒரு தோசைக்கல், நாலு பெஞ்சு. மாமாவுக்கு முப்பது வருஷ அனுபவம். கரண்டியைக் கையில் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டே வட்டமாக ஊற்றுவார். ஐப்பசி பிறந்துவிட்டால் அரிசியைப் பாதியாகக் குறைத்துவிடுவார். "மழைக்காலத்துல யாரு வர்றா? மாவு புளிச்சு வீணாப் போகும்" என்பார். ராத்திரி கடை சாத்தும்போது மாவுச் சட்டி காலியாக இருக்கும். "பாத்தியா, ஒரு கரண்டி மிச்சமில்ல. நான் போட்ட அளவு எப்பவும் தப்பாது" என்று சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார். முப்பது ஐப்பசி வந்து போயிற்று. முப்பது தடவையும் அந்தச் சட்டி அவர் பக்கமே சாட்சி சொன்னது.

அத்தை மகள் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளி லீவில் கல்லாவில் உட்கார்ந்தவள், தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இரண்டே விஷயம் எழுதினாள். மாவு தீர்ந்த நேரம் என்ன? அதற்குப் பிறகு வந்து, "தோசை இருக்கா?" என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? ஆளுக்கு ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தாள்.

எட்டரை மணிக்கு மாவு தீர்ந்திருக்கிறது. பத்து மணி வரை கோடு நீண்டுகொண்டே போயிருக்கிறது. ஏன்? மழை பெய்தால் பஸ் தாமதம். பஸ் தாமதமானால் பேருந்து நிலையத்தில் கூட்டம். நனைந்த சட்டையோடு நிற்கிறவனுக்குச் சூடாக ஒரு தோசை கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்? மழை ஆளை விரட்டவில்லை ஐயா, ஆளைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தியிருக்கிறது!

மாமா ஒத்துக்கொள்வாரா? "ரெண்டு நாள் பாத்துட்டுப் பேசாத" என்றார். நியாயமான பேச்சு. அவளும் சண்டைக்கு நிற்கவில்லை. "ஒருநாள் விட்டு ஒருநாள் முழு அளவு ஊறப் போடுவோம்ப்பா. மத்த நாள் உங்க அளவு. மாசக் கடைசியில ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்" என்றாள். மாசம் முடிந்தது. முழு அளவு போட்ட நாட்களில் மிஞ்சியது சொற்பம், கல்லா நிறைந்திருந்தது. மாமா அந்தத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப முப்பது வருஷமா எத்தனை பேரைப் பசியோட திருப்பி அனுப்பியிருக்கேன்?"

அவையோரே, இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் கணக்கு. மாமாவின் அனுபவம் பொய் சொல்லவில்லை. வந்து சாப்பிட்டவர்களை மட்டும் அது பார்த்தது. வாசலோடு திரும்பியவர்களை அது பார்க்கவே இல்லை.

இதே பாடத்தை உலகத்துக்குச் சொன்ன ஒருவர் இருக்கிறார். ஆபிரகாம் வால்ட். 1902இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938இல் தப்பித்து அமெரிக்கா போனவர். இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் அவருக்கு வேலை. குண்டுவீச்சு விமானங்களுக்கு இரும்புக் கவசம் போட வேண்டும். உடம்பு முழுக்கப் போட்டால் பாரம் தாங்காது. எங்கே போடுவது? போர்முனையிலிருந்து திரும்பி வந்த விமானங்களைப் பார்த்தால் உடற்பகுதியில் ஓட்டைகள் அதிகம், என்ஜின் பக்கம் குறைவு. யாரைக் கேட்டாலும் ஓட்டை அதிகமான இடத்தில் போடச் சொல்லுவார்கள். என் மாமாவும் அதைத்தான் சொல்லியிருப்பார், எதிரணி அண்ணனும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வால்ட் 1943இல் எழுதிய குறிப்புகளின் சாரம் இதற்கு நேர்மாறு. குண்டு எல்லா இடத்திலும் பாய்ந்திருக்கும். என்ஜினில் அடி வாங்கிய விமானங்கள் கடலிலும் காட்டிலும் கிடக்கின்றன. அவை திரும்பி வரவில்லை. அதனால்தான் வந்தவற்றில் அந்த ஓட்டைகளைக் காணோம். ஆகவே ஓட்டை இல்லாத இடத்தில் கவசத்தைப் போடு!

இப்போது எதிரணிக்கு வருகிறேன். அண்ணன் ஒரு பட்டியல் வாசித்தார். "அவர் மனசு சொன்னதைக் கேட்டார், கோடீஸ்வரர் ஆனார். இவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார், கொடிகட்டிப் பறந்தார்." ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டினீர்கள். அண்ணே, அவர்களெல்லாம் திரும்பி வந்த விமானங்கள்! அதே மாதிரி மனசு சொன்னதைக் கேட்டு, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இறங்கி, ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போனவர்கள் எங்கே? அவர்களை எந்த மேடையிலாவது பேசக் கூப்பிட்டீர்களா? அவர்கள் பேட்டி எந்தப் பத்திரிகையிலாவது வந்ததா? இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது கடைத்தெருவைப் பாருங்கள். "வாடகைக்கு விடப்படும்" என்று பலகை தொங்குகிற ஒவ்வொரு கடையிலும் ஒரு கைராசி புதைந்து கிடக்கிறது.

அந்தக் கைராசிக்கு விலை கொடுத்தது யார்? முதலாளி மட்டுமா? அவர் மனைவி கழற்றிக் கொடுத்த வளையல் அடகுக் கடையில் மூழ்கிப் போயிற்று. கடையில் வேலை பார்த்த பிள்ளைக்கு இரண்டு மாசச் சம்பளம் பாக்கி. "தோணுச்சு, இறங்கிட்டேன்" என்று அவர் பெருமையாகச் சொன்னாரே, அவருக்குத் தோன்றியதற்கு இந்தப் பெண்ணும் இந்தப் பிள்ளையும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? அடுத்தவர் சோற்றைப் பணயம் வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு வீரம் என்று பெயரா?

எதிரணியினர் கோகோ கோலாவை எடுத்துப் போட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன். 1985 ஏப்ரலில் புதிய சுவையில் கோக் வந்தது. சுமார் இரண்டு லட்சம் ருசிச் சோதனை நடத்தி, புதியதே பிடித்திருக்கிறது என்று கண்டபிறகுதான் வந்தது. மக்கள் கொதித்தார்கள். 79 நாளில் பழைய கோக் கடைக்குத் திரும்பியது. "இரண்டு லட்சம் கணக்கும் கவிழ்ந்ததா இல்லையா?" என்று அண்ணன் மேசையைத் தட்டினார். தட்டுங்கள், ஆனால் எங்கே கவிழ்ந்தது என்று பாருங்கள். குட்டிக் கோப்பையில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து, எது ருசி என்று கேட்டார்கள். மக்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். "உங்கள் பழைய கோக்கைக் கடையை விட்டே எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்?" என்பது வேறு கேள்வி. அதற்கு அந்தக் கோப்பையில் விடை கிடைக்காது. முதல் கேள்வியின் விடையை இரண்டாம் கேள்விக்குப் போட்டார்கள். வினாத்தாளை மாற்றி எழுதியவன் தோற்றால் கணக்குப் பாடத்தையா ரத்து செய்வீர்கள்?

"இதெல்லாம் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பெரிய கம்பெனிக்கு. நாலு பெஞ்சுக் கடைக்கு எதற்கு?" என்றும் ஒரு கேள்வி. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வில்லியம் காசெட் என்று ஒருவர் வேலை பார்த்தார். பார்லியைச் சோதிக்க வேண்டும், கையில் இருந்ததோ நாலைந்து சோதனை முடிவுகள்தான். இவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நம்பலாம் என்று யோசித்து, 1908இல் ஒரு கட்டுரை எழுதினார். சொந்தப் பெயரில் வெளியிட ஆலை அனுமதிக்காததால் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கல்லூரிகளில் நடத்துகிற டி-சோதனை அதுதான். கொஞ்சமாக வைத்திருக்கிறவனுக்கென்றே கண்டுபிடித்த கருவி ஐயா அது! பத்துக் கடை வைத்திருக்கிறவன் ஒன்று போனால் ஒன்பதில் பிழைத்துக்கொள்வான். ஒரே கடை வைத்திருக்கிறவன்தான் இருமுறை எண்ண வேண்டும்.

நம் பக்கத்துக்கு வாருங்கள். டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1950இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பாடம் நடத்தினார். பிழை எங்கே பிறக்கிறது என்று எண்ணிப் பார், பழியைத் தொழிலாளி தலையில் போடாதே என்பது அந்தப் பாடத்தின் உயிர். அவர் பெயரால் ஜப்பானியர்கள் தருகிற விருதை 1998இல் வாங்கிய முதல் இந்திய நிறுவனம் எது தெரியுமா? சென்னை பாடியில் அன்று இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. பிரேக் ஐயா, பிரேக்! "கைராசிக்காரர் செய்த பிரேக், சோதித்துப் பார்க்கவில்லை" என்று எழுதி ஒட்டிய வண்டியில் அண்ணன் தன் பிள்ளையை ஏற்றி அனுப்புவாரா?

கடைசியாக அண்ணன் இந்த ஊர்ப் பெரியவர்களையே சாட்சிக்கு இழுத்தார். "செட்டிநாட்டு முன்னோர் கம்ப்யூட்டர் வைத்தா கடல் கடந்து கடை நடத்தினார்கள்?" என்றார். கைதட்டலும் வாங்கினார். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்க வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லை. பேரேடு இருந்தது, ஐந்தொகை இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடை நடத்தப் போன ஏஜெண்டுகள் அங்கிருந்து கணக்கு அனுப்பினார்கள். இங்கே வீட்டு முகப்பில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் படித்தே, யாருக்குக் கடன், எவ்வளவு வட்டி, எந்தக் கடையை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று முடிவு செய்தார்கள். அவர்கள் வைத்திருந்ததும் டேட்டாதான். பனையோலையில் எழுதினால் என்ன, பேரேட்டில் எழுதினால் என்ன, கம்ப்யூட்டரில் ஏற்றினால் என்ன?

அவர்களுக்கும் முன்னால் வள்ளுவர். பொருட்பாலில் வரிசையாக வைத்த அதிகாரங்களைப் பாருங்கள். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். முதல் எவ்வளவு, சீசன் எது, கடை எங்கே, ஆள் யார் என்று எல்லாவற்றையும் அறிந்து செய்யச் சொல்லி ஆறு அதிகாரம், அறுபது குறள்! "ஊழ் என்று ஓர் அதிகாரம் உண்டே" என்பீர்கள். உண்டு. அதை அறத்துப்பாலோடு முடித்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பொருட்பாலுக்குள்ளேயே வருகிறார்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

அந்த ஆபிரகாம் வால்ட், போர் முடிந்தபின் முடிவெடுக்கும் கலைக்கே கணித இலக்கணம் எழுதினார். அந்த நூல் வெளியான ஆண்டு 1950. அதே ஆண்டு இந்திய அரசு அழைத்ததால் மனைவியோடு நம் நாட்டுக்கு வந்தார். ஊர் ஊராக உரை நிகழ்த்தினார். டிசம்பர் 13ஆம் தேதி அவர்கள் ஏறிய விமானம் நம் நீலகிரி மலையில் மோதியது. இருவருமே பிழைக்கவில்லை. திரும்பி வராத விமானத்தையும் கணக்கில் வை என்று உலகத்துக்குச் சொன்ன மனிதர், திரும்பி வராத விமானத்தில் போய், நம் மண்ணில் விழுந்தார்.

அவர் விழுந்த மண்ணில் நின்று தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள். ஜெயித்தவன் கதையைக் கேட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள் ஐயா. மழையில் தோசை கேட்டு வந்து திரும்பிப் போனவனை எண்ணுங்கள். பலகை தொங்குகிற கடைகளை எண்ணுங்கள். அடகில் மூழ்கிய வளையல்களை எண்ணுங்கள். எண்ணி முடித்துவிட்டு எழுதுங்கள், அந்தத் தீர்ப்பு எங்கள் பக்கம்தான் இருக்கும்.