வீட்டுக்கு விலை கேட்டாச்சு, பதில் எப்போ வரும்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன மாசக் கூட்டத்துல ஒரு சகோதரி எழுந்து கேட்டாங்க: "வீடு ஒண்ணு பார்த்தோம் அக்கா. விலை கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுக்காரர் பதிலே சொல்லல. குழுவுல கடன் எடுத்து அட்வான்ஸ் கொடுத்துட்டா சீக்கிரம் சொல்லிடுவாரா?"

அன்னைக்கு நேரம் இல்லை. இன்னைக்கு அதைப் பத்தி என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் வக்கீல் இல்லை. ஆனா இந்த விஷயத்துல பட்டவள்.

2011-ம் வருஷம் வைகாசி மாசம். முத்தியால்பேட்டையில ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு வந்தது. ஒரு வயசான அம்மா குடியிருந்தாங்க. 12 லட்சம் கேட்டோம். "சரி பார்க்கலாம், சொல்றேன்"னாங்க. புரோக்கர் என் காதுல, "டோக்கன் போட்டு வச்சுடும்மா, இல்லேன்னா வேற ஆள் தூக்கிடுவான்"னார். குழுவுல 25,000 ரூபாய் கடன் எடுத்து ரொக்கமா கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்கல.

ஆனியில கேட்டேன். "ஆடி போகட்டும்"னாங்க. ஆவணியில கேட்டேன். "பாரீஸ்ல இருக்கிற தம்பிக்கு லெட்டர் போட்டிருக்கு"ன்னாங்க. ஐப்பசியில, "தங்கச்சிகிட்ட இன்னும் பேசல"ன்னாங்க. மார்கழியில பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. தங்கச்சிக்கு விற்க இஷ்டமில்லையாம்.

அந்த அம்மா என்னை ஏமாத்தல. முழுப் பணமும் வந்தது. ஆனா நூத்துக்கு ரெண்டு வட்டி, மாசம் 500 ரூபாய், ஏழு மாசத்துக்கு 3,500 ரூபாய் நான்தான் கட்டினேன். அதுக்குள்ள பார்த்த வேற ரெண்டு வீட்டையும், "இது முடியட்டும்"னு விட்டுட்டேன். விலையும் ஏறிப் போச்சு.

பிறகுதான் புரிஞ்சது. வீடு அவங்க அப்பா பேர்ல இருந்தது. நாலு வாரிசு. "சரி"ன்னு சொல்ல வேண்டியவங்க நாலு பேர். நான் ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டுட்டு ஏழு மாசம் காத்திருந்தேன்.

நம்ம புதுச்சேரியில இது சகஜம். சொல்தா குடும்பம், பிரான்சுல வேலைக்குப் போன குடும்பம் தெருவுக்கு நாலு இருக்கு. வீடு இங்கே, பங்காளி அங்கே. வெளிநாட்டுல இருக்கிறவர் வர முடியலேன்னா பவர் பத்திரம் எழுதணும். அதுக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ முறையா சான்று வாங்கணும். அது இங்கே வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வையும் கட்டணும். இன்னொன்று. 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணையின்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் இங்கே உண்டு. அவங்க சொத்துன்னா பங்கு விவரத்தைத் தெரிஞ்ச வக்கீல்கிட்ட கேட்டுக்கணும். இப்படி இருக்கும்போது பதில் எப்படி ஒரு வாரத்துல வரும்?

சட்டம் என்ன சொல்லுது? 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, நாம விலை கேட்கும்போது ஒரு கெடு சொன்னா, அந்தக் கெடு முடிஞ்சதும் நம்ம பேச்சும் முடிஞ்சது. கெடு சொல்லலேன்னா "நியாயமான காலம்" வரைக்கும் நிற்கும். அது எத்தனை நாள்னு சட்டத்துல எழுதல. அதனால கெடுவை நாமதான் வைக்கணும். அவங்க சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி வரை, கேட்ட விலையைத் திரும்ப எடுத்துக்கவும் நமக்கு உரிமை உண்டு.

பிரான்சுல வீடு வாங்கின உறவுக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க. அங்கே விலையை எழுதிக் கொடுக்கும்போதே, இத்தனை நாள் வரைதான் செல்லும்னு எழுதறது வழக்கம். விற்கிறவர் கையெழுத்து போடாம, வாங்கறவர் மட்டும் எழுதிக் கொடுக்கிற தாளுக்குப் பணம் கேட்டா, அந்தத் தாளே செல்லாதுன்னு அவங்க சட்டம் சொல்லுது. ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்ட பிறகும், வாங்கறவர் மனசு மாற 10 நாள் அவகாசம் இருக்கு. நம்ம ஊர்ல எப்படி? பதில் வர்றதுக்கு முன்னாடியே பணத்தைக் கொடுத்துட்டு, அப்புறம் பதிலுக்காக நடக்கிறோம்.

ஆகவே சகோதரிகளே, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

ஒன்று. விலை பேசுறதுக்கு முன்னாடி, "பத்திரம் யார் பேர்ல இருக்கு? யார் யார் கையெழுத்து போடணும்?"னு கேளுங்க. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பாருங்க. பேரில் உள்ளவர் இறந்திருந்தா வாரிசுச் சான்று கேளுங்க.

இரண்டு. விலையை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. "15 நாளுக்குள் சம்மதம் சொல்லவும். இல்லையென்றால் நாங்கள் வேறு வீடு பார்ப்போம்" என்று ஒரு வரி போதும். பங்காளி வெளிநாட்டுல இருந்தா 30 நாள் கொடுங்க. ஆனா தேதி போடுங்க.

மூன்று. எல்லாரும் சம்மதம் சொல்ற வரைக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. சொன்ன பிறகு முத்திரைத்தாள்ல ஒப்பந்தம் எழுதுங்க. விலை, அட்வான்ஸ், கிரயம் முடிக்கிற தேதி, முடியலேன்னா பணம் திரும்புற தேதி எல்லாம் அதுல வரணும். 20,000 ரூபாயும் அதுக்கு மேலும் ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் இருக்கு. வங்கி மூலமாவே கொடுங்க. விற்கிறவர் வெளிநாட்டுல வசிச்சா, வரி பிடிச்சுக் கட்டுற பொறுப்பு வாங்கறவருக்கு வரும். ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க.

நான்கு. ஒப்பந்தம் எழுதினதோட வீடு நம்மது ஆயிடாது. பதிவான கிரயப் பத்திரம்தான் வீடு. ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கலேன்னா, குறிச்ச தேதியிலிருந்து மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும்.

ரெண்டாவது தடவை அரியாங்குப்பத்துல இப்படித்தான் கேட்டேன். 15 நாள் கெடு. புரோக்கர், "இப்படி எழுதிக் கொடுத்தா யாரும் விற்க மாட்டாங்க"ன்னு சிரிச்சார். பதினோராம் நாள் அண்ணன் தம்பி மூணு பேரும் ஒண்ணா வந்து சம்மதம் சொன்னாங்க. இன்னைக்கு அந்த வீட்லதான் இருக்கேன்.

கடைசியா ஒரு வார்த்தை. அந்த முத்தியால்பேட்டைத் தங்கச்சி மேல அப்போ எனக்குக் கோவம் வந்தது. இப்போ இல்லை. அவங்களைக் கேட்காமலே வீட்டுக்கு விலை பேசினோமே, தப்பு யார் மேல? இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, அப்பா தன் சொந்தச் சொத்துக்கு உயில் எழுதாம இறந்துட்டா, மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும் உண்டு. நாளைக்கு உங்க அப்பா வீட்டுக்கு ஒருத்தர் விலை கேட்டு வரலாம். கடைசி நாள்ல, "வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ"ன்னு கூப்பிட்டா, விலை என்ன, என் பங்கு எவ்வளவுன்னு கேளுங்க. கேட்டுட்டு, சம்மதமா இல்லையான்னு சீக்கிரம் சொல்லிடுங்க. அந்தப் பக்கம் வட்டி கட்டிக்கிட்டு காத்திருக்கிறவளும் நம்மள மாதிரி ஒரு குழுப் பெண்ணா இருக்கலாம்.

போன மாசம் கேட்ட சகோதரிக்கு என் பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீங்கம்மா. நாளைக்குப் போய் ஒரு தேதி கொடுத்துட்டு வாங்க.