பதினொன்றாம் வகுப்புப் பிரவேசம்: பம்பாய்த் தமிழ்ப் பெற்றோருக்கு



பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியாகி, தாராவியின் சந்துகளிலும் செம்பூர், மாதுங்கா வீடுகளிலும் இனிப்பு வழங்கி ஓய்ந்த மறுதினமே, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்குமோ என்ற கவலை நம் குடும்பங்களைப் பற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்திலேயே நடந்தேறும் பதினொன்றும் பன்னிரண்டும் இந்த மகாராஷ்டிரத்தில் ‘ஜூனியர் காலேஜ்’ எனத் தனித்து நிற்கின்றன. அவற்றில் சேருவதற்கு, பம்பாயில் 2009 முதலும், மாநிலம் முழுவதும் 2025 முதலும், ஆன்லைன் விண்ணப்பமே வாசலாக இருக்கிறது. மதிப்பெண் போதாமல் இடம் இழந்த பிள்ளைகளுக்காக நான் வருந்துவதுண்டு. ஆயினும், மதிப்பெண் இருந்தும் காகிதம் சரியில்லாமல் இடம் இழந்த பிள்ளைகளை நினைக்கையில் என் மனம் இன்னும் அதிகமாக நோகிறது.

முதலில் பெயரைக் கவனியுங்கள். தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிக்கொள்வது நம் வழக்கம். குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தையின் பெயர் என்று மூன்றாக விரித்துக் கேட்பது இவ்வூர் வழக்கம். இதனால் ஆதாரில் ஒரு பெயரும், மதிப்பெண் பட்டியலில் வேறொரு பெயரும், பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் மூன்றாவதொரு பெயருமாக ஒரே பிள்ளை மூன்று பிள்ளையாகிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரைக் கண்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். பள்ளியை விட்டு விலகியபின் திருத்துவது மிகவும் சிரமம்.

அதே ரிஜிஸ்தரில் தாய்மொழி என்றொரு கட்டம் உண்டு. லீவிங் சர்டிபிகேட்டிலும் அது வந்து அமரும். அதில் ‘தமிழ்’ என்று எழுதியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் தம் இடங்களில் பாதியைத் தம் சமூகத்தினருக்கென ஒதுக்கிக்கொள்ளலாம் என்பது இங்குள்ள விதி. 1932-ல் மாதுங்காவில் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960-ல் சயானில் நிறுவிய எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி அவ்வகையைச் சேர்ந்தது. தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். செம்பூரின் விவேகானந்தா கல்லூரி சிந்தி மக்களுடையது, மாதுங்காவின் கால்சா சீக்கியருடையது. அங்கே பொது இடங்களுக்குத்தான் நாம் போட்டியிட வேண்டும். சிறுபான்மை இடத்துக்கு விண்ணப்பத்தில் தனியே விருப்பம் தெரிவிக்க வேண்டும் என்பதை அறியாமலே நம்மவர் பலர் அந்த உரிமையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது கசப்பான விஷயம். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ தாசில்தார் அளித்த சாதிச் சான்றிதழ் இந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆந்திரத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்து இங்கேயே படித்த ஒரு மாணவர், பரேலிலுள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி சம்பந்தமாகத் தொடுத்த வழக்கில், பிறந்த மாநிலத்துச் சலுகை குடிபெயர்ந்தவரோடு கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்காக இந்நகரத்துக்கு உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு இது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். எனினும், விதி மாறும்வரையில் விதியை அறிந்தே நடக்கவேண்டியிருக்கிறது. ஆகவே, ஊர்ச் சான்றிதழை நம்பி ஒதுக்கீட்டுக் கட்டத்தில் குறியிடாதீர்கள். இடம் கிடைத்தாலும் கல்லூரிச் சரிபார்ப்பில் அது ரத்தாகிவிடும். ஆனால், தாழ்த்தப்பட்ட வகுப்பினராயின் 1950 ஆகஸ்டு 10-க்கு முன்னரும், பிற பிற்படுத்தப்பட்டோராயின் 1967 அக்டோபர் 13-க்கு முன்னரும் உங்கள் குடும்பம் இம்மாநிலத்தில் குடியிருந்து, உங்கள் சாதி மகாராஷ்டிரப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்குமாயின், இங்கேயே சான்றிதழ் பெற உங்களுக்குப் பாத்தியதை உண்டு. தோல் பதனிட வந்த பாட்டனாரின் வாடகை ரசீதோ, பெரியப்பாவின் மாநகராட்சிப் பள்ளிச் சான்றோ, பழைய வாக்காளர் பட்டியலோ வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்குமிடம், தாராவி, மாதுங்கா மக்களுக்குக் கோட்டைப் பகுதியில் பழைய கஸ்டம் ஹவுஸில் உள்ள கலெக்டர் அலுவலகம். செம்பூர் மக்களுக்குப் பாந்திராவிலுள்ளது. பரீட்சை முடிந்தபின் தொடங்கினால் அவகாசம் போதாது.

இனி ஆன்லைன் விண்ணப்பத்துக்கு வருவோம். அதன் இரண்டாம் பாகத்தில் பத்துக் கல்லூரிகள் வரையில் வரிசைப்படுத்தலாம். இணையக் கடைத் தம்பி தன் யூகப்படி வரிசையிடுவதற்கு ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். முதல் விருப்பமாக எழுதிய கல்லூரியே கிடைத்துவிட்டால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். மறுத்தால் அடுத்துவரும் வழக்கமான சுற்றுகளில் உங்களுக்கு இடமில்லை. எனவே, பிள்ளை மனப்பூர்வமாகப் படிக்க விரும்புவதையும், தினமும் போய்வரக் கூடியதையும் முதலில் எழுதுங்கள். சென்ற ஆண்டின் ‘கட்-ஆஃப்’ எண்களைப் பார்த்து, கைக்கெட்டும் கல்லூரிகள் மூன்று நான்கையேனும் கீழே சேருங்கள். விண்ணப்பத்தின் கடவுச்சொல்லை உங்கள் வீட்டு நோட்டிலேயே குறித்துவையுங்கள்.

பகலில் தையல் கூடத்திலோ தோல் பட்டறையிலோ வேலை செய்தாக வேண்டிய பிள்ளைகளுக்கு இரவு ஜூனியர் கல்லூரிகள் இந்நகரில் இருக்கின்றன. கைத்தொழில் நாட்டமுடையோர்க்கு ஐ.டி.ஐ. உண்டு, அதன் விண்ணப்பம் வேறு, தேதிகளும் வேறு, ஜூனியர் கல்லூரி முடிவுக்காகக் காத்திராமல் அதையும் அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.